பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்த பணம்

மே 26, திங்கள்

காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாயிற்று.

காலையில் வசந்தாமணியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெட்ரோல் விலை, இன்சூரன்ஸ், மாதத்துக்கு ஒருமுறைகூட வெளியே எடுப்பதில்லை, மங்கிவரும் என் கண் என்று நான்கு காரணம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். முதல் காரணத்திலேயே "செரிங்க" என்று சொல்லிவிட்டாள். மீதி மூன்றும் வீண். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருடத்தில் என் மனைவி இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

வண்டி 2014 மாடல், வெள்ளை வேகன் ஆர். அறுபத்தோராயிரம் கிலோமீட்டர். இடது பக்கம் ஒரு கீறல் உண்டு. அது கேட் செய்த வேலை, நான் செய்ததல்ல.

ஜூன் 20 அன்று வசந்தாமணியின் டெபாசிட் முதிர்வடைகிறது. சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருடம் அடுப்புப் புகையில் நின்று, ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணம். ஜூன் 26 கோயமுத்தூரில் அவளுக்கு முட்டி ஆபரேஷன். டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். டெபாசிட் ரசீது என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அது இப்போது வெறும் காகிதம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இருபதாம் தேதிக்குள் மூன்றேகால் லட்சம் அவள் பெயரில் இருந்தாக வேண்டும். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மே 29, வியாழன்

பின் கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று அட்டை ஒட்டி, என் புது நம்பரையும் எழுதினேன். இணையத்தில் போடச் சொன்னாள் ஓசூரிலிருந்து மகள். இணையமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அட்டையின் பசை காயும் முன் எதிர்வீட்டு நல்லசிவம் வந்துவிட்டார். ட்ரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் எங்கே ஏமாந்தாலும் முதலில் அவருக்குத்தான் தகவல் வரும்.

"பணத்தை எப்படி வாங்கப்போறீங்க சார்? ரொக்கம் வேண்டாம், இப்ப கள்ள நோட்டு சாஸ்தி. செக்கும் வேண்டாம், திரும்பிரும். பேங்குல நேரா போடச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. போட்டாச்சுன்னு போன்ல படம் காட்டுவானுங்க. அதை நம்பி சாவியக் குடுத்தீங்க, வண்டி போச்சு. உங்க கணக்குல ஏறினப்புறந்தான் சாவி."

"முப்பத்திரண்டு வருசம் பத்திர ஆபீசுல இருந்தவன் நான்" என்றேன். "அடுத்தவன் போலிக் கையெழுத்தைப் பார்த்த உடனே சொல்லுவேன்."

"அதுக்கில்லீங்க சார், இப்பெல்லாம் படிச்சவங்கதான் அதிகமா ஏமாறுறாங்க" என்றார். யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ஒருவரையும் வைத்திருக்க மாட்டார். அவர் பேச்சே அப்படித்தான்.

ஜூன் 2, திங்கள்

பழைய வங்கியில் இந்தப் பணம் வர வேண்டாம் என்று வேறொரு வங்கியில் புதிதாகக் கணக்கு தொடங்கினேன். பழைய கணக்கு எண் யார் யார் கையில் இருக்கிறதோ. ஜனவரிக்குப் பிறகு அந்தப் பழைய சிம்மையே கத்தரித்துப் போட்டுவிட்டேன். புதுக் கணக்கு இருவர் பெயரிலும். வசந்தாமணியும் காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஒரு பலகை மாதிரி கருவியில் தட்டினாள். ஆதாரோடு இணைந்த போன் நம்பர் கேட்டாள். என் புது நம்பர் இன்னும் இணைக்கவில்லை. ஓடிபிக்கு மட்டும் வசந்தாமணியின் நம்பரைச் சொன்னேன். அவள் தன் பட்டன் போனைப் பார்த்து ஆறு இலக்கத்தையும் சத்தமாகப் படித்தாள். இப்படியா ஊருக்கே கேட்கும்படி படிப்பது என்று திட்டினேன். "அந்தப் புள்ளைக்குக் கேக்கோணுமல்லங்க" என்றாள்.

ஜூன் 4, புதன்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மருந்து அடித்தேன். வசந்தாமணியிடம் மறுபடியும் சொல்லி வைத்தேன்: பணம் பற்றி எந்த மெசேஜ் வந்தாலும் தொடக்கூடாது, திறக்கக்கூடாது, கேட்டால் பதில் சொல்லக்கூடாது. ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதுதான். "நான் எதையும் தொடறதில்லைங்க" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு புரோக்கர் வந்தான். இரண்டு நாற்பதுக்குக் கேட்டான். பானட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான். மூடிவிட்டுப் போகச் சொன்னேன்.

வசந்தாமணி நேற்றும் இன்றும் வலி குறைந்துவிட்டது என்கிறாள். "ஆபரேசன அடுத்த வருசம் வச்சுக்கலாமுங்களா?" என்றாள். மாடிப்படியில் ஏறும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். வலி குறைந்தவள் ஏறுகிற விதம் அதுவா? டாக்டர் கொடுத்த தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு ஆள் தேறியிருக்கிறான். பெயர் பூபாலன். முப்பது வயது இருக்கும். மெலிந்த ஆள், சட்டை சலவை, காலில் ரப்பர் செருப்பு. வண்டியைச் சுற்றிப் பார்த்தான், ஸ்டார்ட் செய்து காது வைத்துக் கேட்டான், அடியில் படுத்து ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்தான். வண்டி பற்றித் தெரிந்தவன்தான்.

"மூணேகால் அதிகமுங்க சார். ஆனா வண்டிய நல்லா வச்சிருக்கீங்க. எடுத்துக்கறேனுங்க" என்றான். பேரமே பேசவில்லை. அது எனக்குக் கொஞ்சம் இடித்தது. மூன்றேகால் லட்சத்துக்குப் பேரம் பேசாதவன் யார்?

எந்த ஊர் என்று கேட்டேன். இதே ஊர்தான் என்றான். எந்தப் பக்கம் என்றேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றான். என்ன வேலை என்றேன்.

"செப்டிக் டேங்க் லாரி வச்சிருக்கேனுங்க. சொந்த லாரி. போன வருசம் லோன் முடிஞ்சுது. வீட்டுல மாசமா இருக்காங்க. எங்க தெருவுக்குள்ள ஆட்டோக்காரங்க வரமாட்டேங்கறாங்க. அதான் ஒரு வண்டி."

வசந்தாமணி காபி கொண்டுவந்தாள், வீட்டு டம்ளரில். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படிப்பட்ட பேதமெல்லாம் கிடையாது. ஆபீசில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அவன் போன பிறகு நாற்காலியைக் குழாயடியில் கழுவி வைத்தேன். தூசியாக இருந்தது.

ஜூன் 11, புதன்

பூபாலன் ஐயாயிரம் அச்சாரம் கொடுத்தான், வெற்றிலை பாக்கோடு. ஆதார் நகல், லைசென்ஸ் நகல் இரண்டும் கேட்டேன், கொடுத்தான். மூலத்தையும் காட்டச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் குறை இல்லை. பாக்கி மூன்று இருபது, போனிலிருந்து நேராக என் கணக்குக்கு.

"வெள்ளிக்கிழமை வரட்டுங்களா சார்? பேங்கு திறந்திருக்கும். நாம ரெண்டு பேரும் அங்கயே போயிட்டா, பணம் ஏறுனத மேனேஜர்கிட்டயே பாத்துக்கலாம். உங்களுக்கும் நிம்மதி."

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வண்டி வெளியே போவதா? வெள்ளியும் செவ்வாயும் எங்கள் வீட்டில் ஒரு படி உப்புகூட வெளியே போனதில்லை. சனிக்கிழமை வா, ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது, அதன் பிறகு என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்து, சரி என்று போனான்.

"சனிக்கிழமை பேங்கு லீவுங்களே" என்றாள் வசந்தாமணி. இரண்டாம் சனி. எனக்குத் தெரியாதா? போனில் பணம் போட வங்கி எதற்குத் திறந்திருக்க வேண்டும்? என் போனுக்கு மெசேஜ் வந்தால் சாவி. வராவிட்டால் சாவி இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 14, சனி

காலை பத்து நாற்பதுக்கு வந்தார்கள், பூபாலனும் அவன் மனைவி ரேவதியும். எட்டு மாதம் போலத் தெரிந்தது. டயருக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு முழம் மல்லிகை. கண்ணாடியில் பூவைக் கட்டிவிட்டு அந்தப் பெண் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

கணக்கு எண்ணை நானே படித்தேன், அவன் தட்டினான், நான் சரிபார்த்தேன். போன் டிங் என்றது. பச்சை நிறத்தில் ஒரு டிக். "போயிருச்சுங்க சார்."

என் போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உள்ளே ஃப்ரிட்ஜ் மேல் வசந்தாமணியின் போன்தான் ஒருமுறை முனகியது.

"பத்து நிமிசம் இருங்க சார், வந்துரும்" என்றான். பத்து நிமிடம் இருந்தேன். அரை மணி இருந்தேன். பதினொன்றரைக்கு வங்கியின் தகவல் எண்ணுக்குப் போன் போட்டேன். "உங்கள் எண் எங்களிடம் பதிவாகவில்லை" என்று ஒரு பெண் குரல் சொன்னது.  என் கணக்கில் என் நம்பரே இல்லையாம். அதையும் மாற்றிவிட்டார்களா? ஜனவரியிலும் இப்படித்தான் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே நடந்தது.

பூபாலன் தன் போனை நீட்டினான். "பாருங்க சார், என்ற கணக்குல கழிஞ்சிருச்சு. மிச்சம் பதினோராயிரந்தான் நிக்குது."

"படம் யார் வேணாலும் காட்டலாம்" என்றேன்.

அதற்குள் நல்லசிவம் வந்துவிட்டார். "போன மாசம் பல்லடத்துல இதே மாதிரிதானுங்க சார்" என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள், பால்காரர், இஸ்திரிக்காரர் என்று பத்துப் பேர் கேட்டில் நின்றார்கள். பூபாலன் வியர்த்துக்கொண்டிருந்தான். குற்றம் செய்யாதவன் எதற்கு வியர்க்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஜூன் மாதத்து மத்தியானம் என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"சார், வண்டிய நீங்களே வச்சுக்கங்க. சாவியும் வேண்டாம். திங்கக்கிழமை பேங்கு திறந்ததும் பாத்துக்கலாம். ஆனா பணம் வந்துச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க, போதும்."

எழுதிக் கொடு என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. வராத பணத்துக்கு ரசீதா? பத்திர ஆபீஸ்காரனிடமே ரசீதா? திருட்டுப் பயலே என்றேன். அதன் பிறகு இன்னொரு சொல் சொன்னேன். அவன் தொழிலையும் அவன் தெருவையும் சேர்த்து. அதை இங்கே எழுதப்போவதில்லை. கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

  ரேவதி காரிலிருந்து இறங்கினாள்.

போலீஸுக்கு நான்தான் போன் செய்தேன். "ஏனுங்க, பேங்கு திறக்கட்டுமே, அதுக்குள்ள எதுக்குங்க போலீசு?" என்று கையைப் பிடித்தாள் வசந்தாமணி. உனக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே போ என்று கத்தினேன். எல்லோர் முன்னாலும். உள்ளே போனாள்தான், ஆனால் ரேவதியைக் கூட்டிக்கொண்டு போனாள். தன் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

எஸ்.ஐ. வந்தார். பூபாலனிடம் நாலு கேள்வி கேட்டார், என்ன வேலை என்பது இரண்டாவது கேள்வி. போனை வாங்கிக்கொண்டு அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்களாம். போன் இன்னும் அங்கேதான்.

நான் செய்தது சரிதான். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

வசந்தாமணி பேசவில்லை. காரில் கட்டிய பூவை நான்தான் அவிழ்த்துப் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பத்து மணிக்கு வங்கி திறக்கும்போது வாசலில் முதல் ஆள் நான்தான். கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். இயந்திரம் ஒரே ஒரு வரி அச்சடித்தது.

மூன்று லட்சத்து இருபதாயிரம். வரவு. ஜூன் 14. பூபாலன் ப.

அந்தக் கவுன்ட்டர் பெண்ணிடம் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். திரையைப் பார்த்து, "காலைல பத்து அம்பத்திரண்டு சார்" என்றாள். எனக்கு ஏன் மெசேஜ் வரவில்லை என்றேன். "போயிருக்கே சார். கடைசி நாலு நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு. கணக்குல அந்த நம்பர்தானே குடுத்திருக்கீங்க?"

வசந்தாமணியின் நம்பர்.

காரில் வந்து பத்து நிமிடம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். வசந்தாமணி ரேஷனுக்குப் போயிருந்தாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த போனை எடுத்தேன். அவள் போனை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. மெசேஜ் வரிசையில் முதலில் இருந்தது அதுதான், பத்து ஐம்பத்திரண்டு. பக்கத்தில் மூடிய கடித உறையின் படம். திறக்கப்படாதது. நான் சொன்னதை அவள் எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறாள்.

கீழே போனேன். அன்று வங்கியில் படித்த ஓடிபி திறந்திருந்தது. மற்றவை எங்கெங்கிருந்தோ வந்த விளம்பரங்கள், எல்லாம் மூடிய உறைகள். இன்னும் கீழே ஜனவரி 9. பழைய வங்கியிலிருந்து மூன்று மெசேஜ். டெபாசிட் முடிக்கப்பட்டது. பணம் கணக்குக்கு மாற்றப்பட்டது. பணம் வெளியே போனது. மூன்றும் அரை மணிக்குள்.

அந்த மூன்று உறைகளும் திறந்திருந்தன.

அவளுக்கு ஐந்து மாதமாகத் தெரியும். காரை விற்கிறேன் என்றபோது தெரியும். வலி குறைந்துவிட்டது என்று சொன்னபோதும் தெரியும். நான் இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஸ்டேஷனுக்குப் போய்ப் பணம் வந்துவிட்டது, என் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். "செக் பண்ணிட்டுக் கூப்பிடக்கூடாதுங்களா சார்?" என்றார் எஸ்.ஐ. பூபாலனின் போனைக் காலையிலேயே கொடுத்தனுப்பிவிட்டார்களாம்.

வசந்தாமணி வந்ததும் பணம் சனிக்கிழமையே ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ரேஷன் பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பையன் வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு வருடத்தில் நான் போனதில்லை. வழி கேட்டுக் கேட்டுப் போனோம். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடக்கலாம் என்றேன். "உள்ளயே போகுமுங்க, போங்க" என்றாள் வசந்தாமணி. போயிற்று.

பூபாலன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினான். அவன் அம்மா இரண்டு நாற்காலி போட்டார். காபி வந்தது. நான் குடித்து முடிக்கும் வரை வசந்தாமணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். தவறு நடந்துவிட்டது, தொழில்நுட்பக் கோளாறு, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், பணம் திரும்ப வேண்டுமென்றாலும் சரி, வண்டி வேண்டுமென்றாலும் இப்போதே சாவி. பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயந்தது உண்மை. இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்.

முழுவதையும் கேட்டான்.

"பணம் திரும்ப வேண்டாமுங்க. இந்த மாசத்துக்குள்ள எனக்கு ஒரு வண்டி வேணும், உங்க வண்டி நல்ல வண்டி. ஆனா இங்க வந்து சொல்லி என்னங்க சார் ஆகப்போகுது? எங்க தெருவுல என்னைத் திருடன்னு யாரும் நினைக்கலை. நீங்க சொன்னது உங்க தெருவுல. அங்க வச்சுச் சொல்லுங்க. நாளைக்குச் சாயந்திரம் வரேன்."

திரும்பும்போது வசந்தாமணி ஒன்றே ஒன்று கேட்டாள். "தொழில்நுட்பக் கோளாறுன்னா என்னங்க?"

ஜூன் 18, புதன்

ஐந்து மணிக்கு வந்தான். ரேவதியும் அவன் அம்மாவும் கூட. நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இல்லை, நல்லசிவம் இருக்கும் தெருவில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சனிக்கிழமை நின்ற அதே ஆட்கள் நின்றார்கள்.

சொன்னேன். "பணம் சனிக்கிழமை காலைல பத்து அம்பத்திரண்டுக்கே வந்துருச்சு. மெசேஜ் என் வீட்டுக்காரி போனுக்கு வந்திருந்தது. நான் பார்க்கல. இவர் மேல ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன வார்த்தை தப்பு. மன்னிச்சுக்கணும்."

கை கூப்பினேன்.  நல்லசிவம் தரையைப் பார்த்தார்.

"எந்த வார்த்தைங்க சார்?" என்று கேட்டான் பூபாலன். கிண்டலாக இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். "ரெண்டு சொன்னீங்க."

"ரெண்டுந்தான்."

"செரிங்க. எதுக்கு அப்படி நினைச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஆதார் குடுத்தேன், அச்சாரம் குடுத்தேன். திங்கக்கிழமை வரைக்கும் வண்டியே வேண்டாம்னேன். எதை வச்சு என்னைத் திருடன்னு நினைச்சீங்க?"

அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு வசந்தாமணி நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ஜனவரி 9 அன்று நடந்ததைச் சொன்னேன். முழுவதும். போனில் படத்தோடு ஒருவன் வந்தான், போலீஸ் சீருடை, பின்னால் கொடி, மேஜை. என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, கைது வாரண்ட் இருக்கிறது என்றான். அறைக் கதவைச் சாத்தச் சொன்னான், சாத்தினேன். மனைவியிடம்கூடப் பேசக்கூடாது என்றான், பேசவில்லை. பணத்தைச் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம் என்றான். நான்கு மணி நேரம் அவனுக்கு முன் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். கடைசியில், இருவர் பெயரிலும் போட்டிருந்த அவள் டெபாசிட்டைப் போனிலேயே நானே உடைத்து நானே அனுப்பினேன். அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. தெருவில், இஸ்திரிக்காரர் முன்னால் சொன்னேன். சொல்லி முடித்தபோது முதுகு நனைந்திருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஒருமுறை சூடு பட்டவன் பயப்படத்தானே செய்வான், இதற்கு மேல் இவன் என்ன கேட்க முடியும் என்று நினைத்தேன்.

 பூபாலன் சொன்னான்.

"கஷ்டந்தானுங்க சார். அந்தக் காசு போனது எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு பாருங்க. அவன நீங்க நேர்ல பாக்கலை. ஊரு தெரியாது, பேரு தெரியாது. நாலு மணி நேரம் அவன ஐயான்னு கூப்பிட்டு நம்புனீங்க. நான் உங்க வீட்டுக்கு மூணு தடவ வந்தேன். என்ற பொண்டாட்டியோட வந்து நின்னேன். என்னை ஒரு மணி நேரங்கூட நம்ப முடியலைங்களா?"

 

அவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. வண்டியைப் பெயர் மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டோம். சாவியைத் தன் அம்மாவின் கையில் கொடுக்கச் சொன்னான். அந்தம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வண்டி திரும்பிப் போயிற்று.

உள்ளே வந்ததும் வசந்தாமணியிடம், "உனக்கு முன்னாலயே தெரியும், இல்லையா?" என்றேன்.

"மெசேஜ் வந்த மறுநாளே பேங்குக்குப் போய்க் கேட்டுட்டேனுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"அஞ்சு மாசமாவா?"

"ஆமாங்க." சிறிது பொறுத்து, "அந்தப் பையன் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலைங்களே" என்றாள்.

அவளுக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். என்ன வேலை என்று கேட்டு, அவன் பதில் சொன்ன நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை என் போனுக்கே மெசேஜ் வந்திருந்தாலும் அந்த மெசேஜ் போலி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

வசந்தாமணி காலையிலேயே குளித்துப் புறப்பட்டாள். புதுக் கணக்கிலிருக்கும் மூன்று இருபதையும் கையிலிருக்கும் அச்சார ஐயாயிரத்தையும் தன் பெயரில் மட்டும் இருக்கிற கணக்குக்கு மாற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே கட்டிவிடலாம் என்றாள். கணக்குப் புத்தகத்தை என் மேஜையிலிருந்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"நீங்க வேண்டாமுங்க. டவுன் பஸ்ஸுல நானே போய்க்குவேன்."

"முட்டி வலியோட எப்படிப் பஸ் ஏறுவ?"

"ஏறிக்குவேனுங்க."

குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நடந்து போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.